இன்னைக்கு எங்கே தங்கல்? பெரிய இலக்கை ஒரு நாள் அளவுக்கு வெட்டிக்கொள்ளும் வழி

தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிற எங்கள் ஊர்க்காரர்களை வழியில் நிறுத்தி, "பழனிக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்டுப் பாருங்கள், சட்டென்று பதில் வராது. "இன்னைக்கு எங்கே தங்கல்?" என்று கேளுங்கள், கூட நடக்கிற பத்து வயசுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். குன்றக்குடியில் காவடிகள் ஒன்றுசேர்ந்து கிளம்பி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று போகிற வழி அது. 150 கிலோமீட்டருக்கு மேல் வரும். செட்டிநாட்டு நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், 400 வருஷத்துக்கும் மேலாக நடக்கிறார்கள்.

நான் முதல் தடவை போனபோது இரண்டாம் நாளே பாதத்தில் கொப்புளம். சிங்கம்புணரி தாண்டி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து, மிச்சம் எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர், இந்தக் காலோடு ஆகுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கணக்குப் போடப் போடக் கால் கனத்தது. கூட வந்த ஆச்சிக்கு வயது 68. அவர் என் செருப்பை எடுத்து முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: "பழனியை இப்ப எதுக்குத்தா தூக்கிக்கிட்டு நடக்கிறே? அது அங்கனதான் இருக்கும். அந்த வளைவுல மோர் குடுக்கிறாக, அது வரைக்கும் வா."

மோர் வரைக்கும் நடந்தேன். அப்புறம் ஒரு பிள்ளையார் கோயில் வரைக்கும். அப்படியே பழனி வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த ஒரு வார்த்தை என்னை விடவில்லை. காரணம், வீட்டில் நான் மூன்று வருஷமாகச் செய்துகொண்டிருந்தது அதைத்தான், பழனியைத் தூக்கிக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவுக்கு முடியாமல் போனதால் ஊரோடு வந்துவிட்டவள் நான். ஐயா, அதாவது தாத்தா, கட்டிய வீட்டில் எங்கள் பங்குக்கு வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய கட்டில், ஒரு பக்கத்து அறைகளும் அதற்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டில் பாதியும். எல்லாம் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தவை. வந்த முதல் பொங்கலன்று, இந்த வருஷம் வீட்டை எடுத்துச் சரிபண்ணிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆள் கூட்டிவந்து காட்டினேன், அவர் போட்டுக் கொடுத்த தொகையைப் பார்த்தேன், தாளை மடித்து அலமாரியில் வைத்தேன். அடுத்த பொங்கலுக்கும் அதே முடிவு, அதற்கடுத்த பொங்கலுக்கும் அதே. இந்த மூன்று வருஷத்தில் ஒரு ஜன்னலைத் திறந்து துடைத்தேனா என்றால் இல்லை, ஏனென்றால் அவ்வளவு பெரிய வீட்டுக்கு முன்னால் ஒரு ஜன்னலைத் துடைப்பது ஒரு வேலையாகவே மனசுக்குப் படவில்லை. பெரிய இலக்கு செய்கிற பெரிய கெடுதல் இதுதான் என்று நினைக்கிறேன். இன்றைக்குக் கையால் முடிகிற வேலையை அது ஒன்றுமில்லாததாக ஆக்கிவிடுகிறது.

பழனியிலிருந்து வந்த மறுநாள் ஒரு ஜன்னலைத் துடைத்தேன். கம்பி, கதவு, நிலை, அடித்தட்டில் படிந்திருந்த புறா எச்சம், எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம். பர்மாத் தேக்கு அழுக்குக்கு அடியில் அப்படியே இருந்தது. அதற்கப்புறம் நான் எப்படிச் செய்தேன், கூட இருக்கிறவர்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

பெரியதை எழுதி உள்ளே வையுங்கள்

பெரிய இலக்கைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பழனி என்று ஒன்று இல்லாவிட்டால் எந்தப் பக்கம் நடப்பது? ஒரு தாளில் ஒரே வரியில் எழுதுங்கள். "வீடு குடியிருக்கிற மாதிரி ஆக வேண்டும்." "குரூப் 4 தேற வேண்டும்." "சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும்." எழுதியதைப் பீரோவுக்குள் வைத்துவிடுங்கள். சுவரில் ஒட்டி, போனில் வால்பேப்பராக வைத்து, தினம் அதைப் பார்க்க வேண்டாம். தினம் பார்த்தால் தினம் மிச்சம் எவ்வளவு என்ற கணக்குதான் ஓடும். மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்தால் போதும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இன்றைய அளவைப் பிடிப்பது

இதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி குரூப் 4-க்குப் படித்துக்கொண்டிருந்தான். தாளில் 200 கேள்வி. தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் 25. அவனுக்குக் கணக்கு என்றால் பயம். "தினம் நாலு மணி நேரம் படிக்கணும்க்கா" என்று அட்டவணை போட்டு வைத்திருந்தான், கலர் பேனாவில், அழகாக. நாலு மணி நேரம் என்பது இலக்கு மாதிரி தெரியுமே தவிர அதற்குள் ஒன்றும் இல்லை. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்க யாராலும் முடியும். அதை மாற்றி, காலைப் பலகாரத்துக்கு முன்னால் ஐந்து கணக்கு, போட்டு முடித்து விடையைச் சரிபார்த்தாயிற்று என்றால் அன்றைய கணக்குப் பாடம் முடிந்தது என்று வைத்துக்கொண்டான். இரண்டு வாரத்தில் பயம் போனது. ஐந்து கணக்குக்கு யாரும் பயப்பட மாட்டார்கள் அல்லவா?

இது எங்கள் தெருக் கதை மட்டும் இல்லை. 1981-ல் ஆல்பர்ட் பந்துரா, டேல் ஷங்க் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். கணக்கில் ரொம்பப் பின்தங்கிய, கணக்கே பிடிக்காத பிள்ளைகளுக்கு 42 பக்கப் பயிற்சியைக் கொடுத்து, ஏழு அமர்வு வைத்தார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளிடம் ஒவ்வொரு அமர்விலும் ஆறு பக்கம் முடிக்கப் பாருங்கள் என்றார்கள். இன்னொரு பகுதியிடம் ஏழாவது அமர்வுக்குள் 42 பக்கத்தையும் முடியுங்கள் என்றார்கள். கூட்டினால் இரண்டும் ஒன்றுதான், ஆனால் ஆறு ஆறு பக்கமாகப் போன பிள்ளைகள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை வந்தது, பிடிக்காத கணக்கு பிடிக்கவும் ஆரம்பித்தது. 42 பக்கம் என்று சொல்லப்பட்ட பிள்ளைகளுக்கோ இலக்கே சொல்லாமல் விடப்பட்டவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. இதைப் படித்தபோது எனக்குப் புளியமரத்தடிதான் ஞாபகம் வந்தது.

சரி, உங்கள் அளவு சரியான அளவா என்று எப்படித் தெரியும்? நான் மூன்று கேள்வி கேட்டுப் பார்ப்பேன். இரவு படுக்கும்போது ஆச்சு, ஆகலை என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடிகிறதா? "நன்றாகப் படிக்க வேண்டும்" என்பதற்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது, "ஐந்து கணக்கு" என்பதற்கு முடியும். அடுத்து, விருந்தாள் வந்த நாளிலும் தலைவலி நாளிலும் இதைச் செய்ய முடியுமா? முடியாது என்றால் பாதியாக வெட்டுங்கள், அப்பவும் முடியாது என்றால் அதிலும் பாதி. மூன்றாவது, இது முழுக்க என் கையில் இருக்கிறதா? இந்த மூன்றாவதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு ஆச்சி வீட்டிலிருந்தே பலகாரம் போடுகிறார், மாவுருண்டை, சீப்புச்சீடை, கை முறுக்கு. கைப்பக்குவம் அப்படி இருக்கும். "தினம் அஞ்சு ஆர்டர் வரணும்" என்று வைத்துக்கொண்டு, வராத நாளெல்லாம் மனசு உடைந்து போனார். ஆர்டர் வருவது அவர் கையில் இல்லை. முன்னால் வாங்கியவர்களில் இரண்டு பேருக்குப் போன் போட்டு, போன தடவை பலகாரம் எப்படி இருந்தது என்று கேட்பது அவர் கையில் இருக்கிறது. இப்போது அதுதான் அவருடைய அன்றாட வேலை. பதினோரு மணிக்கு இரண்டு போன். கேட்கிறவர்கள் பலர் அங்கேயே அரைக் கிலோ சொல்லிவிடுகிறார்கள், சொல்லாவிட்டாலும் அவருக்கு அன்றைய கணக்கு முடிந்த கணக்குதான்.

சர்க்கரைக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். மூணு மாச சர்க்கரை என்று நாம் சொல்கிற ஹெச்பிஏ1சி, ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைத்தான் காட்டும். அதையே இலக்காக வைத்தால் நடுவில் தொண்ணூறு நாள் நன்றாகப் போகிறோமா இல்லையா என்றே தெரியாது, தெரியாத இடத்தில் மனசு சோர்ந்துவிடும். இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஊரணியை இரண்டு சுற்று. மருந்து, அளவு எல்லாம் டாக்டர் சொல்கிறபடி, அதில் கை வைக்க வேண்டாம். ஆனால் அந்த இரண்டு சுற்று உங்களுடையது, அன்றைக்கே முடிகிறது, அன்றைக்கே தெரிகிறது.

எதோடு கட்டுவது

"நேரம் கிடைக்கும்போது" என்று வைத்தால் நேரம் கிடைக்காது. ஏற்கெனவே தினம் தவறாமல் நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். எனக்கு அம்மாவுக்குக் காலை மாத்திரை கொடுத்து முடிப்பது. மாத்திரை டப்பாவை மூடினதும் கை துடைப்பத்துக்குப் போகும். தம்பிக்குப் பல் துலக்குவது, ஆச்சிக்குப் பதினோரு மணிக் காப்பி. இன்ன வேளை, இன்ன இடம், இன்ன வேலை என்று முன்னாலேயே சொல்லி வைத்துக்கொண்டால் செய்து முடிப்பது கூடுகிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் பேராசிரியர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். வேலைக்கு வேண்டியதை முதல் நாள் இரவே எடுத்து வையுங்கள், இது சின்ன விஷயம்தான், ஆனால் துணியும் வாளியும் அந்த அறை வாசலில் இருந்தால் நான் செய்வேன், கிணற்றடியில் இருந்தால் சந்தேகம்தான்.

தினத்தாளும் கொட்டானும்

நம் வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரி நாள்காட்டிக்கு மிஞ்சிய கருவி இதற்கு இல்லை, எந்த ஆப்பும் வேண்டாம். காலையில் நேற்றைய தாளைக் கிழிக்கிறோம் இல்லையா, அதைக் கசக்கிப் போடாமல் பின்பக்கத்தில் நேற்று என்ன செய்தேன் என்று ஒரு வரி எழுதுகிறேன். "வளவு, கிழக்கு அறை, மேல் தட்டு துடைத்தாயிற்று." செய்யவில்லை என்றால் வெறும் தாள். எழுதிய தாளை மட்டும் அப்பத்தாவின் பழைய கொட்டானில், பனையோலைக் கூடையில், போடுவேன். கல்யாணத்துக்குப் பின்னிய கொட்டான், விளிம்பில் சிவப்பு நூல் வேலை இன்னும் இருக்கிறது. முதல் மாதம் தாள்கள் அடியில் கிடந்தன, மூன்றாம் மாதம் விளிம்பைத் தொட்டன. ஒரு நாள் வேலை கண்ணுக்குத் தெரியாது. நிறைந்த கொட்டான் தெரியும். மனசு தளர்ந்த அன்று நான் செய்வது, அதில் கைவிட்டுப் பழைய தாள் நாலைந்தை எடுத்துப் படிப்பது.

தொடங்கும்போது 21 நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு எங்களுக்குப் பிள்ளையார் நோன்பு கொடுத்தது. திருக்கார்த்திகையிலிருந்து தினம் ஒன்றாகப் புது வேட்டியிலிருந்து ஒரு நூல் எடுத்து வைத்து, 21 நூலையும் சேர்த்துத் திரித்த திரியை நோன்பன்று இழைமாவு என்கிற இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, வீட்டுப் பெரியவர் கையில் கொடுக்க, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். சின்ன வயசில் அந்த நூலை எடுக்கிற வேலைக்கு நானும் என் தம்பியும் சண்டை போடுவோம். ஒரு நூல் எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது, ஆனால் 21 நூலையும் ஒரே நாளில் எடுத்து வைக்கலாம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

ஆனால் ஒன்று, 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று ஊரெல்லாம் சொல்வதை நம்பி ஏமாற வேண்டாம். லண்டனில் யூசிஎல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடன் இருந்தவர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக வருகிற பழக்கமாக நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளில் வந்தது, சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஆகவே 22-ஆம் நாள் காலையில் இன்னும் சிரமமாகத்தான் இருக்கிறதே என்று தோன்றினால் உங்களிடம் குறை ஒன்றும் இல்லை. இன்னொரு 21-ஐத் தொடங்குங்கள்.

விட்டுப்போன நாள்

விட்டுப்போகும். எங்கள் பக்கம் ஒரு கல்யாணம் என்றால் நாலு நாள் போய்விடும், பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான் பரப்புவதிலிருந்து பந்தி வரைக்கும் அங்கேதான் இருக்க வேண்டும். அதே ஆய்வு சொல்கிற இன்னொரு செய்தி, ஒரு நாள் விட்டுப்போவது பழக்கம் படிவதைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. கெடுப்பது, விட்ட நாலு நாளையும் சேர்த்து ஐந்தாம் நாள் செய்துவிடலாம் என்ற நினைப்பு. கடன் சேர்க்காதீர்கள். நேற்று ஐந்து கணக்கு போடவில்லை என்றால் இன்றைக்குப் பத்து இல்லை, இன்றைக்கும் ஐந்துதான். நேற்றுத் தங்கலைத் தவறவிட்டவர் இன்றைக்கு இரண்டு தங்கல் நடந்தால் நாளைக்குக் காலே எழும்பாது.

இதற்கு நேர் எதிரான வம்பும் உண்டு, அது நன்றாகப் போகிற நாளில் வரும். முதல் வாரம் சுலபமாக இருக்கிறது என்று இரண்டு அறை, மூன்று அறை என்று கூட்டினேன். பத்தாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டது, அப்புறம் ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. ஆசையாக இருக்கிற நாளில் கூடச் செய்யுங்கள், தவறில்லை, ஆனால் தாளில் எழுதுகிற அளவைக் கூட்டாதீர்கள். மூன்று வாரம் ஒரே அளவு போன பிறகு யோசிக்கலாம். அதே போல ஒரு நேரத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. வீடு, உடம்பு, இங்கிலீஷ், சேமிப்பு என்று ஐந்தாறு சின்ன இலக்கைச் சேர்த்தால் அது மறுபடியும் ஒரு பெரிய மூட்டைதான். பழனி நடக்கிறவர்கள் பையில் எவ்வளவு குறைவாக எடுத்துப் போகிறார்கள் என்று பாருங்கள்.

இந்த வழிக்குள் அடங்காத வேலையும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஓடு ஒழுகுகிறது, ஐப்பசி மழை வரப்போகிறது என்றால் தினம் நாலு ஓடு என்று மாற்றிக்கொண்டிருக்க முடியாது. ஆள் விட்டு ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி, கடன் தவணை, பத்திரப் பதிவு எல்லாம் அந்த வகை. ஆனால் அதற்கு முன்னால் உள்ள வேலையை நாள் நாளாகப் பிரிக்கலாம். ஒழுகுகிற இடத்தைக் குறித்தது ஒரு நாள், உடையாத பழைய ஓட்டை எண்ணி அடுக்கியது மூன்று நாள், இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கூலி கேட்டது இரண்டு நாள். முன்பு பார்த்துப் பயந்து மடித்து வைத்த தொகை, தேவையானதை மட்டும் கேட்டபோது பாதிக்கும் கீழே வந்தது.

மாதக் கடைசியில் ஐந்தொகை

அலமாரித் தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தபோது ஐயாவின் கணக்குப் புத்தகங்கள் கிடைத்தன. பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போன காலத்தவை. அன்றாட வரவு செலவுக்குக் குறிப்பு, அதிலிருந்து ஆள்வாரியாகப் பிரித்து எழுதிய பேரேடு, அதையெல்லாம் கூட்டிக் கட்டிய ஐந்தொகை. குறிப்பு எழுதாமல் ஐந்தொகைக்குப் போக முடியாது, தினம் ஐந்தொகையே கட்டிக்கொண்டிருக்கவும் முடியாது. மை மங்கியிருந்தாலும் ஒவ்வொரு நாளுக்கும் தேதி போட்டு, கீழே கோடு இழுத்திருக்கிறார். அன்றைக்கு முழு நாளும் அதைப் படித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன்.

அதிலிருந்து மாதக் கடைசி ஞாயிறு கொட்டானைக் கவிழ்த்துத் தாள்களை எண்ணுகிறேன். பீரோவிலிருந்து அந்த ஒரு வரியை எடுத்துப் பக்கத்தில் வைக்கிறேன். இருபது தாளுக்கு மேல் இருந்தால் அளவு சரி. பத்துக்குக் கீழே என்றால் அளவு பெரிது, வெட்ட வேண்டும், அல்லது கட்டிய முடிச்சு தப்பு, வேறு வேளைக்கு மாற்ற வேண்டும். தாள் நிறைய இருந்தும் அந்த வரி பக்கத்தில் வரவில்லை என்றால் வேலையையே மாற்ற வேண்டும். எனக்கு ஒரு மாதம் அப்படி ஆனது, துடைத்துக்கொண்டே இருந்தேன், ஆனால் ஒரு அறையிலும் ஆள் படுக்க முடியவில்லை, வயரிங் சரியில்லை. அடுத்த மாதம் துடைப்பத்தை வைத்துவிட்டு, தினம் ஒரு சுவிட்சு, ஒரு பிளக் என்று எது எரிகிறது, எது எரியவில்லை என்று எழுதி, அந்தப் பட்டியலோடு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ஒரு நாளில் முடித்துவிட்டார்.

இப்போது வளவில் நாலு அறை திறந்திருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை ஈரத்துணியால் துடைத்து, சொட்டு தேங்காயெண்ணெய் விட்டுத் தேய்த்தால் அந்தச் சிவப்பும் பச்சையும் வருகிற அழகைப் பார்க்க அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். இரண்டாங்கட்டு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. அதன் சாவிக்கொத்தில் எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று யாருக்கும் தெரியாது, மொத்தம் 31 சாவி. நாளைக்கு அம்மாவின் மாத்திரை முடிந்ததும் மூன்று சாவியைப் போட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெயையும் சாவிக்கொத்தையும் கதவடியில் வைத்துவிட்டேன்.